டியர்னன் முக்கில் இறங்கிய பதினான்கு பேர்

குளோன்பாரா பாரம்பரியச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு மாலக்கி கோர்மலியைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டவர் சங்கத்தின் செயலாளர். எழுத ஒப்புக்கொண்டவரும் அவரே. அதாவது நான், அசம்ப்டா ஹெனகன், சதுக்கத்தில் இரும்புக்கடை வைத்திருப்பவள். வேறு யாரும் பேனாவைத் தொட மாட்டார்கள். மலர் வந்த பிறகு தப்பு கண்டுபிடிக்க மட்டும் முதல் ஆளாக வருவார்கள். உயிரோடு இருக்கும் ஒருவரைப் பற்றி நாங்கள் எழுதுவது இதுதான் முதல்முறை. இருபத்திரண்டு வருடங்களாகக் கல்லையும் சுண்ணாம்பையும் பற்றித்தான் எழுதிவந்திருக்கிறோம்.

எங்கள் ஊருக்கு ரயில் 1957இல் நின்றுபோனது. கடைசி ரயில் போன ஒன்பதாம் நாள், கேட் கீப்பர் வீட்டில் மாலக்கி பிறந்தான். அப்பாவுக்கு வேலை போனதும் வீட்டுக்குப் பிள்ளை வந்ததும் ஒரே மாதத்தில். நானும் அவனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள் என்பதால் 'அவர்' போட்டு எழுத எனக்குக் கை வரவில்லை. இங்கிலாந்துக்குப் போய்ப் பதினோரு வருடம் ஜல்லி லாரி ஓட்டினான். அம்மா இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு படுத்ததும் திரும்பி வந்தான். இரண்டு மாதம் தாங்க மாட்டார் என்று டாக்டர் சொன்ன அந்த அம்மா, வீம்புக்கென்றே பத்தொன்பது வருடம் வாழ்ந்தார். அதற்குள் மாலக்கி எங்கள் சிற்றுந்தின் ஓட்டுநராகிவிட்டிருந்தான்.

பத்தொன்பது இருக்கை. சதுக்கத்திலிருந்து ஆர்ட்ரோ வரை நாற்பது கிலோமீட்டர். ஆர்ட்ரோவில் டப்ளின் ரயில் நிற்கும். பெரிய ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம், பல் டாக்டர் எல்லாம் அங்கேதான். காலை வண்டி எட்டுப் பத்துக்குக் கிளம்பும். அந்தக் காலத்து ரயில் எட்டுப் பத்துக்குக் கிளம்பியது, அதை மாற்ற யாருக்கும் ஒரு காரணம் தோன்றவில்லை. டப்ளின் ரயில் தாமதமானால் மாலக்கி காத்திருப்பான், அரை மணி ஆனாலும். மருந்துக்கடைப் பொட்டலம், அடைகாக்கும் கோழி, ஒருமுறை மூன்று அடுக்குக் கல்யாணக் கேக், எல்லாம் அவன் வண்டியில் ஏறியிருக்கின்றன. அந்தக் கேக்கைப் பயணிகள் ஆளுக்குப் பத்து நிமிடம் முறைவைத்து மடியில் தாங்கினார்கள். எதிரே வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்வான். போலீஸ் வண்டிக்கு இரண்டு விரல்.

அவனிடம் ஒரே ஒரு குறை இருந்தது. அது குறை என்று இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அறுபத்தாறு வயது தாண்டிய எல்லாருக்கும் இலவசப் பயண அட்டை உண்டு. ஏறும்போது அதை ஓட்டுநரின் பக்கத்தில் இருக்கும் மெஷினில் வைக்க வேண்டும். அது ஒரு சத்தம் போடும். ஓர் ஆள் ஏறியதாகக் கணக்காகும். மாலக்கி அதை யாரிடமும் கேட்டதே இல்லை. கைப்பையைத் திறக்க யாராவது முயன்றால், "அதை உள்ள வைங்க, நீங்க யாருன்னு எனக்குத் தெரியாதா? மழையில நிக்காம ஏறுங்க," என்பான். பிறந்ததிலிருந்து பார்க்கிற முகத்திடம் அட்டை கேட்பது அவனைப் பொறுத்தவரை அவமரியாதை. எங்களுக்கும் அப்படித்தான். அவன் கேட்டிருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்போம்.

விளைவு, டப்ளினில் பேருந்துகளைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. குளோன்பாரா வண்டியில் நாளொன்றுக்குச் சராசரியாக இரண்டு பேர்தான் பயணம் செய்கிறார்கள், ஆகவே வழித்தடத்தை நிறுத்த உத்தேசம், அதற்கு முன் ஒரு நாள் ஆய்வாளர் ஒருவர் நேரில் வந்து எண்ணிப் பார்ப்பார் என்று எழுதியிருந்தது. அந்த இரண்டு பேர், வழி தெரியாமல் எங்கள் ஊருக்கு வந்து டிக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பிப் போகும் வெளியூர்க்காரர்கள்.

கடிதத்தை மாலக்கி என் கடைக்குக் கொண்டுவந்து காட்டினான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"நான் பண்ணின கூத்துடி இது," என்றான். "மெஷின் பொய் சொல்லல. நான்தான் அதுகிட்ட ஒண்ணும் சொல்லல."

"நீ கவலைப்படாதே. அத நான் பாத்துக்கறேன்," என்றேன்.

"ஐயோ, அதுதான் பயமா இருக்கு செயலாளரம்மா."

அவன் பயந்தது சரிதான். வண்டி நின்றால் சங்கத்துக்கும் அடிதான். எங்களிடம் ஐந்து கண் பாலம் இருக்கிறது, சரக்குக் கொட்டகை இருக்கிறது, பழைய தண்டவாளப் பாதையில் நடைபாதை போட்டு நானே பலகை வைத்திருக்கிறேன். வண்டி இல்லாவிட்டால் அதையெல்லாம் பார்க்க வானத்திலிருந்தா வருவார்கள்? அன்று மாலையே கமிட்டியைக் கூட்டினேன். ஆய்வாளர் வரும் நாளில் வண்டியை நிரப்பிவிடுவது என்று முடிவானது. பாதிரியார் ஃபாதர் டூலன் இது ஏமாற்று ஆகாதா என்று கேட்டார். ஆர்ட்ரோவில் உங்களுக்கு ஒரு வேலையும் இல்லையா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, முடி வெட்டிக்கொள்ளலாம் என்றார். அவருக்கு இருந்த முடிக்கு நாற்பது கிலோமீட்டர் அதிகம்தான். இசைக்குழுவில் ஏழு பேர், இறைச்சிக்கடை அண்ணன் தம்பி இருவர், கமிட்டியில் மூவர், பாதிரியார், நான். ஆகப் பதினான்கு.

அந்தச் செவ்வாய்க்கிழமை மழை. எட்டு மணிக்கு மாலக்கி வண்டியைச் சதுக்கத்துக்குள் திருப்பினான். வரிசையைப் பார்த்தான். கதவைத் திறந்து முதலில் நின்ற என்னிடம் மெல்லக் கேட்டான்.

"யாரு செத்துட்டா?"

"யாரும் சாகல. பயணம் போறோம்."

"எல்லாருமா?"

"ஏன், போகக் கூடாதா?"

எனக்குப் பின்னால் ஆய்வாளர் நின்றிருந்தார். கிளியோனா என்று பெயர், முப்பது வயதிருக்கும், கையில் படிவம் செருகிய அட்டை. அவர் எதிரில் மாலக்கியால் ஒன்றும் பேச முடியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக எல்லாரிடமும் அட்டை கேட்டான். ஒருவருக்கும் அதை எப்படி வைப்பது என்று தெரியவில்லை. இசைக்குழுவில் ஒருத்தி நூலக அட்டையை வைத்துவிட்டு, ஏன் சத்தம் வரவில்லை என்று மெஷினைத் தட்டினாள். எட்டுப் பத்து வண்டி எட்டு இருபத்து நாலுக்குக் கிளம்பியது. எப்போதும் வருகிற நாலு பேர் மூலைக்கொருவராக நசுங்கி உட்கார்ந்தார்கள். நான் ஆய்வாளரின் பக்கத்தில் இடம்பிடித்து, ஐந்து கண் பாலம் வந்ததும் அதன் பெருமையைத் தொடங்கினேன். ஒரு காலி இருக்கைகூட இல்லை. எனக்கு அப்படியொரு நிறைவு.

டியர்னன் முக்கில் டீலியா டியர்னன் நின்றிருப்பார் என்பது எனக்கு நினைவே இல்லை.

இதை நான் மழுப்பி எழுதப் போவதில்லை. டீலியா தினமும் அங்கே நிற்பவர். எழுபத்தெட்டு வயது, கார் ஓட்டத் தெரியாது. அவர் கணவர் பேக்கி மூன்று வருடமாக ஆர்ட்ரோ முதியோர் இல்லத்தில் இருக்கிறார், நினைவு தப்பிப்போய். வேறு யார் ஊட்டினாலும் வாயைத் திறக்க மாட்டார். டீலியா போய் ஊட்டினால்தான் சாப்பாடு. எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது, எனக்கும் தெரியும். பத்தொன்பது இருக்கையை எண்ணி நிரப்பினேனே தவிர, அந்தப் பத்தொன்பதில் ஒன்று யாருடையது என்று யோசிக்கவில்லை.

வண்டி நின்றது. டீலியா மழையில் நின்றிருந்தார், கையில் துண்டு சுற்றிய டப்பா. உள்ளே உருளைக்கிழங்கு மசியல் இருக்கும், வெங்காயத்தாளும் வெண்ணெயும் போட்டது. ஒரு காலைப் படியில் வைத்து உள்ளே பார்த்தார். பாதிரியார் உட்பட ஊரே உட்கார்ந்திருந்தது.

"இன்னைக்கு நெறஞ்சிருக்கு போல," என்றார். "பரவாயில்ல மாலக்கி. நாளைக்குப் போய்க்கறேன்."

காலைக் கீழே எடுத்துக்கொண்டார். கோபமில்லை, குறையில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

வண்டியில் ஒருவரும் நிற்கக் கூடாது என்பது சட்டம். அதுவும் ஆய்வாளர் உட்கார்ந்திருக்கிறார். மாலக்கி எஞ்சினை அணைத்தான். இருக்கையை விட்டு எழுந்து எங்களைப் பார்த்துத் திரும்பினான்.

"ஒரு எடம் வேணும்," என்றான்.

எல்லாரும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்கள். அந்தப் பக்கம் பார்க்க ஒரு வேலியும் இரண்டு மாடும் தவிர வேறெதுவும் இல்லை.

"அசம்ப்டா, நீ எங்க போற?"

"ஆர்ட்ரோவுக்கு."

"எதுக்கு?"

"பல் டாக்டர்."

"உன் பல்லு ராத்திரி தம்ளர்லதான தூங்குது. அது ஊருக்கே தெரியும்."

வண்டியில் யாரோ இருமினார்கள். சிரிப்பை அடக்கிய இருமல்.

"இங்க பாருங்க மேடம்," என்று ஆய்வாளர் பக்கம் திரும்பினான். "இவங்க யாரும் எங்கயும் போகல. உங்ககிட்ட காட்டறதுக்காக வந்தவங்க. தப்பான எண்ணத்துல இல்ல, என் வேலை போயிரக் கூடாதுன்னு. ஆனா இந்தம்மா போகலன்னா அங்க ஒரு மனுஷன் இன்னைக்குப் பட்டினி. வண்டிய நிறுத்தறதுன்னா நாளைக்கு நிறுத்திக்குங்க. இன்னைக்கு இவங்களை ஏத்தாம நான் எடுக்க மாட்டேன்."

நான் எழுந்தேன். எழும்போது முழங்கால் ஆய்வாளரின் படிவத்தில் இடித்தது. ஓர் இடம் போதும் என்றுதான் அவன் கேட்டான். ஆனால் ஃபாதர் டூலனும் எழுந்தார், அவருக்குப் பின்னால் இசைக்குழு, இறைச்சிக்கடைக்காரர்கள், கமிட்டி. பதினான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராக மழையில் இறங்கினோம். டீலியா எங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிக்கொண்டே இருந்தார். எங்கே போய் முட்டிக்கொள்வது என்று இருந்தது எனக்கு.

வண்டி போய்விட்டது. சாலை வழியே நடந்தால் ஊர் முழுக்கப் பார்க்கும் என்பதால், பழைய தண்டவாள நடைபாதை வழியே திரும்பினோம். அங்கே நான் வைத்த பலகை, 'இனிய உலா, இரண்டு கிலோமீட்டர்' என்றது. நடந்து பார்த்தால் ஐந்து. முள்ளில் மாட்டி ஃபாதரின் ஒரு ஷூ போனது.

"இந்தப் பலகைய எழுதினது யாரு?" என்று கேட்டார்.

ஒருவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த ஒரு நல்ல காரியம் அன்று நடந்தது.

மறுநாள் டீலியா வீட்டுக்குப் போனேன். டீ சாப்பிடுங்கள் என்றார், வேண்டாம் என்றேன். மறுபடி சொன்னார், மறுபடி வேண்டாம் என்றேன். மூன்றாவது முறை சொன்னதும் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால் கேக்கை வெட்டித் தட்டில் வைத்துவிடுகிறார். கடைசியில் பேச்சை வண்டிக்குத் திருப்பினேன். நாங்கள் இறங்கிய பிறகு என்ன நடந்தது?

"அந்தப் பொண்ணு முன் சீட்டுல வந்து உக்காந்துச்சு," என்றார் டீலியா. "வழக்கமா யாரு யாரு வருவாங்கன்னு கேட்டுச்சு. மாலக்கி சொல்லிக்கிட்டே வந்தான். திங்கக்கிழமை யாரு, எங்க ஏறுவாங்க, எதுக்குப் போறாங்க, எந்த வண்டியில திரும்புவாங்க. ஒருத்தர் விடல. செவ்வாய் முடியறப்போ ஆர்ட்ரோ வந்திருச்சு. இறங்கறதுக்கு அப்புறமும் நின்னுக்கிட்டு வெள்ளிக்கிழமை வரைக்கும் சொன்னான். அது எழுதி எழுதிக் கைய உதறிக்கிச்சு."

"அப்புறம்?"

"அட்டைய ஏன் மெஷின்ல வைக்கலன்னு கேட்டுச்சு. இவன், 'அவங்க யாருன்னு எனக்குத் தெரியுமே'ன்னான். அதையும் அது எழுதிக்கிச்சு."

"பேக்கி சாப்பிட்டாரா?"

"லேட்டாத்தான் போனேன். கோவம். ரயில் ஏன் தாமதம்னு கேட்டாரு. பாதையில மாடுன்னு சொன்னேன். அப்புறம் சாப்பிட்டாரு."

பேக்கி எங்கள் ஸ்டேஷனில் போர்ட்டராக இருந்தவர். கடைசி ரயில் போனபோது அவருக்கு இருபது வயது. அந்த ஸ்டேஷனில் வேலை பார்த்தவர்களில் இன்று மிச்சமிருப்பது அவர் ஒருவர்தான். சங்கத்தில் ஒருமுறை அவரைப் போய்ப் பார்க்கலாம் என்று பேச்சு வந்தது. நினைவு போனவரிடம் என்ன கேட்பது என்று தள்ளிவிட்டவள் நான். கேக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

ஆறு வாரம் ஒரு தகவலும் இல்லை. அந்த ஆறு வாரமும் மாலக்கி எல்லாரிடமும் அட்டை கேட்டான். எல்லாரும் முனகிக்கொண்டே வைத்தார்கள். கிளியோனா சொல்லாமல் கொள்ளாமல் மூன்று முறை வந்து கடைசி இருக்கையில் உட்கார்ந்து போனதாக அவன் சொன்னான். நல்லதா கெட்டதா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. எனக்குத் தூக்கம் சரியில்லை. வண்டி நின்றால் அது என் தலையில்தான் என்று ஊரில் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஒரு வியாழக்கிழமை மாலக்கி கடிதத்தோடு கடைக்கு வந்தான். உறை பிரிக்கப்படவில்லை.

"நீ படி. எங்கிட்ட கண்ணாடி இல்ல."

கண்ணாடி அவன் தலைமேல் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. கோழித்தீவன மூட்டைமேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நேரில் எண்ணியதில் நாளொன்றுக்குச் சராசரி இருபத்தொரு பேர் பயணம் செய்வது தெரியவந்தது. வழித்தடம் தொடரும். ஓட்டுநர் தவறாமல் அட்டைகளைப் பதிய வேண்டும். கடைசியில் இன்னொரு வரி இருந்தது. ஆய்வின் முதல் நாளன்று, டியர்னன் முக்கில் பதினான்கு பயணிகள் வண்டியில் பயணத்தைத் தொடர முடியாமல் சாலையோரம் விடப்பட்டதைக் கவனத்தில் கொண்டு, பெரிய வண்டி ஒன்று தர ஆலோசிக்கப்படும்.

அந்த வரியை இரண்டுமுறை படித்தேன். படிவத்தில் பொய்யர்களுக்கென்று தனிக் கட்டம் இருந்திருக்காது, பாவம் அந்தப் பெண் என்ன செய்வாள். எனக்குச் சிரிப்பு வந்தது, நிறுத்த முடியவில்லை. மாலக்கி சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு கையை எடுத்து, "சரி. பின் டயர் ரெண்டையும் மாத்தணும்," என்றான். கடையைப் பூட்டிவிட்டு இருவரும் எதிரே போய் ஆளுக்கொரு கிளாஸ் கறுப்பு பீர் குடித்தோம். பாரம்பரியச் சங்கத்தின் விதிகளில் இது வராது, ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நானும் எட்டுப் பத்துக்கு ஏறினேன். அட்டையை வைத்தேன், சத்தம் வந்தது.

"எங்க போற செயலாளரம்மா?" என்றான் மாலக்கி.

"பேக்கியப் பாக்க."

அவன் முன் இருக்கையைக் கைகாட்டினான். முக்கில் டீலியா ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். டப்பாவின் சூடு என் முழங்கைவரை வந்தது. ஆர்ட்ரோவில் இறங்கும்போது, பழக்கமில்லாத ஒரு காரியம் செய்தேன்: எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று நின்று எண்ணினேன்.

பேக்கி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டு. டீலியா துண்டைப் பிரித்தார், கரண்டியை எடுத்தார். பேக்கி கரண்டிக்கு வாயைத் திறக்கவில்லை. முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"ரயில் நேரத்துக்கு வந்துச்சா?"

"ஒரு நிமிஷம் தப்பல," என்றார் டீலியா.

பேக்கியின் பார்வை என்மேல் நின்றது. என்னை யாரென்று தெரியவில்லை. ஸ்டேஷனைச் சேர்ந்தவள் என்று மட்டும் எப்படியோ முடிவு செய்துவிட்டார்.

"எத்தன பேர் வந்தாங்க?"

"ஒன்பது பேர்," என்றேன்.

"எல்லாருக்கும் எடம் கெடச்சுச்சா?"

டீலியா கரண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"கெடச்சுச்சு," என்றேன். "யாரையும் விட்டுட்டு வரல."

பேக்கி தலையாட்டிவிட்டு வாயைத் திறந்தார்.